எடை மேடையில் தராசக்கா

நூற்று நாற்பத்தாறு கிலோ நானூறு கிராம். பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், சுவரோரம் கிடந்த இரும்புத் தட்டின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றபோது தராசக்காவுக்குக் காட்டிய எண் அது. நர்ஸ் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரியாதைக்காகச் சத்தமில்லாமல் எழுதப் போனாள். தராசக்கா காலை லேசாக அசைத்துப் பார்த்தாள்.

"தட்டு சாஞ்சு நிக்குது சிஸ்டர். ஒரு மூலை தரையைத் தொடல."

"சாஞ்சா கூடக் காட்டுமா, குறைச்சுக் காட்டுமா?"

"குறைச்சுத்தான் காட்டுது."

"அப்போ பேசாம இருங்கக்கா. உங்களுக்கு லாபம்தானே."

"லாபம் இல்ல சிஸ்டர், தப்பு."

மேசையில் கிடந்த காலி மருந்துப் பெட்டியைக் கிழித்து மடித்து, இதை அடியில் செருகுங்கள் என்று நர்ஸிடமே கொடுத்தாள். செருகிய பிறகு மறுபடி ஏறினாள். முந்நூறு கிராம் கூடியது. "இப்போ எழுதுங்க" என்றாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. தொழிற்பேட்டை வாசலில் உள்ள லாரி எடை மேடையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. வந்து போகிற டிரைவர்களில் யாரோ ஒருவன் தராசக்கா என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. புருஷனே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலை சுலபமானது போலத் தெரியும். சரக்கோடு வரும் லாரியை மேடையில் ஏற்றி ஒரு எடை. இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டிக்கு இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. தில்லுமுல்லு முழுவதும் அந்த இரண்டாவது எடையில் நடக்கும். லோடோடு வரும்போது தண்ணீர் டேங்க் தளும்பும், மாற்று டயர் இருக்கும், டிரைவரும் கிளீனரும் குண்டுக்கல் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். வெறும் வண்டியாகத் திரும்பும்போது டேங்க் வறண்டிருக்கும், டயர் எங்கோ புதரில் கிடக்கும், டிரைவர் சிகரெட் பிடிக்க இறங்கியிருப்பான். வண்டி இளைத்தால் சரக்கு கொழுக்கும். தராசக்கா ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். "டேங்க்கைத் திறந்து விட்டியா? போய் நிரப்பிட்டு வா" என்பாள். போய் நிரப்பிக்கொண்டு வருவார்கள். அவளிடம் வாதாடி ஜெயித்தவன் அந்தப் பேட்டையில் இல்லை.

கேலிக்கும் குறைவில்லை. "தராசக்கா, நீ மேடைக்குப் பக்கத்துல வராத. என் வண்டிக்குக் கூடக் காட்டுது" என்பான் ஒருவன். "உன் மூளையை வீட்டுல வெச்சுட்டு வந்திருக்கியே, அதுக்கும் இதுக்கும் சரியாப் போயிடும்" என்பாள். அவளும் சிரிப்பாள். முதலில் சிரித்துவிட்டால் மற்றவர்களின் சிரிப்பு பாதி குறைந்துபோகும் என்பது சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டது.

சின்ன வயதில் வீட்டில் அவளும் தம்பியும்தான். அம்மா போன பிறகு அடுப்படி அவள் கைக்கு வந்தது. தம்பி மிச்சம் வைப்பதை அவள் சாப்பிடுவாள், அவள் மிச்சம் வைப்பதைத் தம்பி சாப்பிடுவான். கடைசியில் சட்டியில் மிச்சம் இருக்காது. இருவரும் சேர்ந்தே பருத்தார்கள். தம்பி லாரி ஓட்டப் போனான். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது.

மூன்று வருடத்துக்கு முன்பு, எடை மேடைக்கு முன்னால் வரிசையில் நின்ற லாரியிலேயே அவன் தூங்கிப் போனான். விடிந்து வரிசை நகர்ந்தது. அவன் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். தராசக்காவும் ஜன்னலில் தலையை நீட்டி, "டேய், எழுந்திருடா, மானத்த வாங்காத" என்று கத்தினாள். தூக்கத்தில் மூச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

அவனை இறக்க ஐந்து பேர் ஏறினார்கள். முடியவில்லை. இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அந்தக் கதவு வழியாக எட்டுப் பேர் கை நுழைய இடமில்லை. கடைசியில் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து செயின் பிளாக்கைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின்களைத் தூக்குகிற, கொக்கி வைத்த சங்கிலிக் கருவி. அவன் உடம்பைச் சுற்றி லாரிப் பட்டையைக் கட்டி, கொக்கியில் மாட்டி, சங்கிலியைக் கரகரவென்று இழுத்து இறக்கினார்கள். பேட்டை முழுவதும் நின்று பார்த்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் புருஷன் அவளைக் கவனிக்க ஆரம்பித்தார். அவர் ஒரு கிடங்கில் காவலாளி. ஐம்பத்தெட்டு வயது, பூட்ஸ் போட்டுக்கொண்டு பகல் முழுவதும் நின்றே பார்க்கிற வேலை. தூக்கத்தில் அவளுடைய குறட்டை திடீரென்று அறுந்துபோகும். அவர் எண்ண ஆரம்பிப்பார். இருபது தாண்டியும் மூச்சு வராவிட்டால் தோளைப் பிடித்து உலுக்குவார். அவள் ஒரு பெரிய மூச்சை இழுத்துத் திரும்பிப் படுப்பாள். இது எல்லா ராத்திரியும் நடந்தது. ஒருநாள் காலையில், "எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்லைங்க" என்று அவரிடம் சொன்னாள். "அந்தச் சங்கிலி எனக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தாள். வரிசையில் காத்திருந்து காத்திருந்து முறை வந்தது.

பெரிய டாக்டர் சின்ன ஆள். பேனாவை எடுத்து ஒரு பை வரைந்தார், அதற்கு மேல் ஒரு மூடி வரைந்தார். "இது இரைப்பை. இது மேல படுத்திருக்கற ஈரல். உங்க உடம்புல ஈரல் கொழுப்பேறி வீங்கியிருக்கும். நான் துளை போட்டு கேமராவை விட்டு, ஈரலைத் தூக்கிட்டு அடியில வேலை செய்யணும். வீங்கின ஈரல் தூக்க வராது. தொட்டாலே கிழியும். அதைச் சுருக்கத்தான் ரெண்டு வாரம் பட்டினி மாதிரி ஒரு சாப்பாடு. எடை குறையறது உங்களுக்கு. ஈரல் சுருங்கறது எனக்கு."

"எவ்வளவு குறையணும் டாக்டர்?"

"நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தீங்கன்னா ஈரலும் சுருங்கியிருக்கும்னு நாங்க ஒரு கணக்கு வெச்சிருக்கோம். அதுக்கு மேல இருந்தா தியேட்டருக்குள்ள ஏத்த மாட்டோம். அந்த இடம் அடுத்தவருக்குப் போயிடும்."

தராசக்கா கேட்டாள், தலையாட்டினாள். ஆனால் இருபத்திரண்டு வருடம் எண்ணோடு பழகிய காது, எண்ணைத்தான் எடுத்து வைத்துக்கொண்டது. படியிறங்கும்போது ஈரல் மறந்துவிட்டது. நூற்று நாற்பது மட்டும் கூடவே வந்தது.

சாப்பாட்டு விவரம் சொல்ல வேறொரு நர்ஸ். கையில் பாக்கெட்டுகள் அடுக்கிய பை.

"காலைல ஒரு பாக்கெட், மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தண்ணில கலக்கிக் குடிக்கணும். நடுவுல வேணும்னா காய்கறி வேகவெச்ச தண்ணி, வடிகட்டி. ரெண்டரை லிட்டர் தண்ணி கண்டிப்பா உள்ள போகணும்."

"மெல்றதுக்கு?"

"மெல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா."

"அப்போ பல்லு எதுக்கு?"

"சிரிக்கறதுக்கு."

முதல் சில நாள் சிரிக்கவும் முடிந்தது. பிறகு தலைவலி வந்தது, நெற்றிக்கு உள்ளே யாரோ ஆணி அடிப்பது போல. வாயில் துருப்பிடித்த நாற்றம். பசியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பற்களுக்கு வேலை இல்லாததுதான் கொடுமையாக இருந்தது. பேனா மூடியை மென்று மென்று சப்பையாக்கினாள். சாப்பாட்டு நேரம் இல்லாத பகல், வேலி இல்லாத நிலம் மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. மூக்கு மட்டும் கூர்மையாகிவிட்டது. எடை மேடைக் கேபினில் உட்கார்ந்தபடியே, வாசலில் திரும்புகிற லாரியில் மாவா, சோப்பா, வெங்காயமா என்று அவளால் சொல்ல முடிந்தது.

புருஷன் வீட்டுக்குள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ரொட்டியை மடித்து எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று சாப்பிட்டார். "என்ன அண்ணே, வீட்டுல சண்டையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "இல்லப்பா, ஆபரேஷன்" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"முட்டை வெச்ச ரொட்டி."

"இல்லம்மா."

"மிளகு கொஞ்சம் தூக்கல்."

"நீ மனுஷியா, மோப்ப நாயா?"

எடை இறங்கத்தான் செய்தது. கேபினுக்குள் பார்சல் நிறுக்கும் சின்னத் தட்டு ஒன்று உண்டு, இருநூறு கிலோ வரை தாங்கும். ஆள் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு ஏறுவாள். நூற்று நாற்பத்து மூன்று வந்தது. பிறகு நூற்று நாற்பத்தொன்றரை. இன்னும் ஒரு மூச்சுதான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த இரண்டாம் வாரத்து வியாழக்கிழமைதான் எல்லாம் கவிழ்ந்தது.

வியாழன் பிஸ்கட் லாரி வரும் நாள். பேட்டைக்குள் இருக்கும் பிஸ்கட் ஆலையில் உடைந்தது, கருகியது, கோணலானது எல்லாம் மூட்டைகளாக மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அதை ஓட்டுகிறவரைப் பிஸ்கட் அண்ணன் என்பார்கள். கருகாத துண்டுகளைப் பொறுக்கி ஒரு பை நிறையக் கட்டி தராசக்காவின் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவது அவருடைய பல வருடப் பழக்கம். வேண்டாம் என்று இந்த முறை அவள் சொன்னாள்.

"நீ திங்க வேண்டாம்மா. லோடுமேன் பசங்களுக்குக் குடு. வெச்சுட்டுப் போயே பழகின கை, வைக்காம போனா வண்டி ஓடாது" என்று வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மழை. லோடுமேன்கள் வரவில்லை. பை அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. வெண்ணெய் வாசனை கேபின் முழுவதும் நிறைந்தது. அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி எடை போட்டாள்.

மத்தியானம் பழைய இரும்பு வியாபாரியின் லாரி வெறும் வண்டியாகத் திரும்பி மேடை ஏறியது. வியாபாரியும் கூடவே வந்திருந்தான். பின்னால் நாலைந்து வண்டிகள். தராசக்கா பார்த்தாள். காலையில் இருந்த மாற்று டயர் இல்லை. டேங்க்கின் குழாயில் கடைசிச் சொட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"டயரை எடுத்துட்டு வாங்க. தண்ணியை நிரப்பிட்டு வாங்க. அப்புறம் எடை போடலாம்."

"மழையில போக முடியாது. போடும்மா."

"போட மாட்டேன்."

வியாபாரி சிரித்தான். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி பேசினான். "ஊரான் வண்டி எடையைப் பாக்கறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ மேடையில ஏறி இறங்கு. என் லோடு மொத்தமும் அதுல அடங்கிடும்."

சிலர் சிரித்தார்கள். வழக்கம்போல அவளும் சிரித்தாள். அது அவனுக்குப் போதவில்லை.

"உன் தம்பியை எறக்கின செயின் பிளாக் என் கிடங்குலதான் கெடக்கு. எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். உனக்கும் ஆகும்ல."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவன் வண்டியின் டிரைவரே முகத்தைத் திருப்பிக்கொண்டான். தராசக்கா அச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வண்டி போய் டயரோடும் தண்ணீரோடும் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். சரியான எடையை அச்சடித்துக் கொடுத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். பிறகு அலமாரியிலிருந்து பையை இறக்கினாள்.

உட்காரவில்லை, நின்றபடியே தின்றாள். முதல் துண்டு பல்லில் நொறுங்கியபோது தலைக்குள் இருந்த ஆணி கழன்றது போல இருந்தது. பிறகு ருசி தெரியவில்லை. கை போனது, வந்தது. வெளியே ஹாரன் அடித்தது. ஒரு கையால் சீட்டை அச்சடித்து நீட்டிவிட்டு மறு கையால் தின்றாள். பையின் அடியில் தூள் மிஞ்சியபோது விரலை நனைத்து ஒற்றி எடுத்தாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இது பசிகூட இல்லை. அவளுக்கே தெரியும்.

ஒருமுறை உடைந்த கரை. வெள்ளிக்கிழமை, எப்படியும் கெட்டது கெட்டாயிற்று என்று ரொட்டிக் கடைக்குப் போனாள். சனிக்கிழமையும் போனாள். புருஷனுக்கு முன்னால் பாக்கெட் பொடியைக் கலக்கிக் குடித்துக் காட்டினாள். "வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இவ்வளவு தூரம் வந்துட்டியேம்மா, இன்னும் ரெண்டே நாள்" என்று அவர் தட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பார்சல் தட்டில் ஏறினாள். நூற்று நாற்பத்து மூன்று புள்ளி ஒன்று. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் எடை.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்குத் தோன்றியது வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. மூன்று கிலோ என்றால் மூன்று லிட்டர். வெறும் வண்டியை மேடையில் ஏற்றும் முன் டிரைவர்கள் என்ன செய்வார்கள்? டேங்க்கைத் திறந்து விடுவார்கள்.

அன்றைக்கே தண்ணீரை நிறுத்தினாள். புருஷனுக்குக் கால் வீக்கம் உண்டு. நாள் முழுவதும் நிற்கிற உடம்பு. நீரைப் பிரித்துவிட தினம் ஒரு மாத்திரை, தர்ம ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் வாங்கி வைப்பார். அந்த மாதத்து மிச்ச அட்டை அலமாரியில் இருந்தது. அதிலிருந்து எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். உதடு வெடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு இழுத்தபோது தலையணையைக் கடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டால் புருஷன் வந்துவிடுவார்.

திங்கட்கிழமை அதே இரும்புத் தட்டு. அட்டை மடிப்பு இன்னும் காலுக்கு அடியில் இருந்தது. ஏறினாள். நூற்று முப்பத்தொன்பது கிலோ எழுநூறு கிராம்.

"பாருங்க டாக்டர்" என்று நர்ஸ் பெருமையாகச் சொன்னாள். "இவங்கதான் நமக்கே தட்டைச் சரி பண்ணிக் குடுத்தவங்க. ஒரு கிராம் பொய் இருக்காது."

திருடனைத் தேள் கொட்டியது போல தராசக்கா நின்றாள்.

வார்டில் ஊசி போட வந்தவள் நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் தேடினாள். "என்னக்கா, இப்படிக் காய்ஞ்சு போயிருக்கீங்க? தண்ணி குடிச்சீங்களா இல்லையா?"

"குடிச்சேன்மா. கொஞ்சம் குறைச்சலா இருந்திருக்கும்."

ரத்தத்தில் உப்பு ஏதோ ஏறியிருக்கிறது என்றார்கள். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். எடைச் சீட்டு வாங்கிக்கொண்டு போனவன் முதல் குழாயடியில் வண்டியை நிறுத்தி டேங்க்கை நிரப்புவான். எத்தனை முறை பார்த்திருப்பாள். சீட்டு கைக்கு வந்த பிறகு யாரும் இரண்டாம் தடவை நிறுப்பதில்லை.

மறுநாள் தியேட்டரில், முகமூடி போட்ட பெரிய டாக்டர் குனிந்து கேட்டார். "எதாவது சொல்லணுமாம்மா?"

சொல்ல வாய் திறந்தாள். நூறு பேர் நிற்கும் வரிசை கண்ணில் வந்தது. "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள்.

கண் விழித்தபோது வயிற்றில் ஐந்து இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. தொண்டை எரிந்தது. பெரிய டாக்டர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு வெட்டினீங்க டாக்டர்?"

"ஒண்ணும் வெட்டலம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"கேமராவை உள்ள விட்டோம். ஈரல் இரைப்பையை மூடிக்கிட்டு மொத்தமா படுத்திருந்துச்சு. தூக்கிப் பாத்தோம். ஓரத்துல கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அதை நிறுத்தவே முக்கால் மணி நேரம் ஆச்சு. மேல போயிருந்தா டேபிள்லயே போயிருப்பீங்க. மூடிட்டு வந்துட்டோம்." அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "அந்தப் பவுடர் மட்டும்தான் குடிச்சீங்களா?"

அவள் சொட்டு இறங்கும் பாட்டிலைப் பார்த்தாள்.

"பிஸ்கட். ரொட்டி."

"எவ்வளவு?"

ஆயுசு முழுவதும் எடை சொன்னவளுக்கு அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. "மூணு நாள்" என்று மட்டும் சொன்னாள். பிறகு தண்ணீரை நிறுத்தியதையும் மாத்திரையையும் சொன்னாள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மூணு நாளாலதான்னு முழுசா சொல்ல மாட்டேன். உங்க ஈரல் மொதல்லயே மோசம். ஆனா எடை கூடியிருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் உள்ளயே போயிருக்க மாட்டேன். ரெண்டு வாரம் தள்ளி வெச்சிருப்பேன், வேற ஒருத்தரை முன்னாடி விட்டு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் எதுக்காகக் குறைக்கச் சொன்னேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. எனக்கு நூத்தி நாப்பதுதான் காதுல விழுந்துச்சு."

புதன்கிழமை புருஷன் வந்தார். வார்டின் அந்தக் கோடியிலிருந்தே அவர் நடையில் ஏதோ மாறியிருப்பதைப் பார்த்தாள். பூட்ஸ் இல்லை. வார் அறுந்த பழைய செருப்பு, அதிலும் பாதிக் கால் வெளியே. இரண்டு பாதங்களும் ஊறிய மரக்கட்டை போல உப்பியிருந்தன. விரல்கள் தனித்தனியாகத் தெரியவில்லை.

"என்னங்க இது?"

"ஒண்ணும் இல்லம்மா, நீ படு." ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். "எனக்கு மறதி வந்துடுச்சு போல. ஞாயித்துக்கிழமை பாத்தா மாத்திரை அட்டை காலி. நானேதான் ரெண்டு ரெண்டா முழுங்கியிருக்கேன், ஞாபகமே இல்ல. அதிகமா போச்சுன்னு பயந்து விட்டுட்டேன். இனிமே வெள்ளிக்கிழமைதான் குடுப்பாங்களாம். பூட்ஸ் ஏறல. கிடங்கு மேஸ்திரி என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

தராசக்கா அவர் காலையே பார்த்தாள். எதை எங்கே இறக்கினால் எங்கே ஏறும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

"நீங்க முழுங்கலைங்க. நான் எடுத்தேன்."

அவர் நிமிர்ந்தார். பிஸ்கட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். இரும்பு வியாபாரி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சாக்கு சொல்வது போலாகிவிடும்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"அப்போ எனக்கு மறதி இல்ல."

"இல்லைங்க."

"நான் அதுக்குத்தான் பயந்தேன்" என்றார். "மாத்திரையை முழுங்கினது ஞாபகம் இல்லாதவன், ராத்திரி உன் மூச்சை எண்ணும்போது பாதியில மறந்துட்டா? மூணு ராத்திரியா அதை நினைச்சுத்தான் தூங்கல." பிறகு, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல தராசக்கா" என்றார். அதுதான் அவர் காட்டிய கோபம்.

அவள் கையை நீட்டி அவர் பாதத்தில் ஒரு விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. அது நிரம்ப நேரமாயிற்று. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு மாத்திரை கிடைத்தது. அடுத்த வாரம் பூட்ஸ் ஏறியது. தராசக்கா ஒட்டுப் பிரித்த மறுநாளே கேபினைத் திறந்தாள். டிரைவர்கள் வயிற்றைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. பிஸ்கட் அண்ணன் மட்டும் வியாழக்கிழமை ஜன்னலில் நின்று, "என்னம்மா, இளைச்சுட்டியா?" என்று கேட்டார். "இல்லண்ணே. பையைக் கீழ வைக்காதீங்க. எடுத்துட்டே போங்க" என்றாள். இந்த முறை அவர் பையோடே போனார். அவள் எழுந்து நின்று, லாரி வளைவில் மறையும்வரை பார்த்தாள். இரும்பு வியாபாரியின் வண்டி வந்தபோது டேங்க்கைக் காட்டி, "நிரப்பிட்டு வாங்க" என்றாள். குரல் முன்பு போல ஏறவில்லை. அவன் அதைக் கவனித்தானா என்று அவளுக்குத் தெரியாது.

அவளுடைய பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. அடுத்த முறை கூப்பிடப் பதினோரு மாதம் ஆகும். அப்போது எடை பார்ப்பதற்கு முன்னால், உடம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம்.